‘ஒருவகை விலங்கு’ : சங்கப் பாடல் உரைமரபும் அருகிவரும் உயிரினங்களும்

சங்கச் செய்யுட்களுக்கு உரையும் குறிப்பும் வரைவோர், விலங்கு பறவைகளின் பெயர் வருமிடங்களில் ‘ஒருவகை விலங்கு’ என்றும், ‘ஒருவகைப் பறவை’ என்றும் எழுதிச் செல்லுதல் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையாகும். பதிப்புக்களின் அரும்பத அகராதிகளிலும், பாடநூற் குறிப்புக்களிலும், இந்நாளைய ஆய்வேடுகளிலும் இத்தொடர் தடையின்றி வழங்குகின்றது. இதனைப் பிழையென்று கூறுவார் இலர். வருடை ஒருவகை விலங்கே. அன்றில் ஒருவகைப் பறவையே. ஆயின், அவ்வாறு கூறியமைந்தபின் பாட்டின்கண் எஞ்சி நிற்பது யாது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

பண்டை உரையாசிரியர்கள் இவ்வாறு சுருங்கச் சொல்லியதற்கு ஒரு நியாயம் இருந்தது. தாம் கூறாது விட்டதைப் படிப்போர் தம் கண்ணாற் கண்டு நிரப்பிக்கொள்வர் என்னும் துணிவு அவர்களுக்கு இருந்திருக்கலாம். அத்துணிவு இன்று நமக்கு இல்லை. மாணவர் அவ்விலங்கைக் கண்டதில்லை. பல இடங்களில் ஆசிரியரும் கண்டதில்லை. சில உயிர்கள் தமிழ்நிலத்தை விட்டே நீங்கிவிட்டன. இந்நிலையில் பழைய சுருக்கத்தை அவ்வாறே எடுத்தாளுதல் உரைமரபைப் போற்றுதல் ஆகாது. உரை செய்யவேண்டிய பணியை ஒழித்தலேயாகும்.

இதற்கு மறுமொழி கூறுவோர் இருசாரார். சங்கப் பாடல்களில் வரும் விலங்குகள் புலனெறி வழக்கின் உறுப்புக்களே. அவை காட்டில் உண்டா இல்லையா என்று தேடுதல் திறனாய்வின் வேலையன்று என்பர் ஒருசாரார். சங்கப் புலவர்கள் விலங்கியல் வல்லுநர்கள். மேலைநாட்டார் நேற்றுக் கண்டதனைத் தமிழர் அன்றே கண்டனர் என்று பெருமிதம் கொள்வர் மற்றொரு சாரார். முன்னவர் பாட்டைக் காட்டினின்றும் பிரித்து விடுகின்றனர். பின்னவர் காட்டையே பாட்டென்று மயங்குகின்றனர். இரண்டனுள் பின்னதே இன்று மேடைகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது. அப்பெருமிதத்தால் ஒரு பாட்டேனும் தெளிவுற்றதாக யாம் அறிந்திலேம்.

உள்ளுறை உவமத்திற்குத் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே நிலைக்களம் என்பது தொல்காப்பியத்தின் கொள்கை. இக்கொள்கையை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம். ஆனால் அதன் விளைவை முற்றும் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளுறை என்பது, கூறப்பட்ட கருப்பொருளின் இயல்பைக் கேட்போர் முன்னரே அறிந்திருத்தலைச் சார்ந்து நிற்பது. புலவன் பாதியைக் கூறுகின்றான். மறுபாதி விலங்கின் வாழ்க்கையில் இருக்கின்றது. அவ்வாழ்க்கையை அறியாதார்க்குப் பாட்டின் பாதியே கிடைக்கும். ஏடு செல்லரித்தால் அடிகள் மறைகின்றன. விலங்கு மறைந்தால் அடிகள் முழுமையாக நிற்கவும் பொருள் மறைகின்றது. முன்னையதைக் கண்டு வருந்திய நாம் பின்னையதைக் கண்டு வருந்தாமைக்குக் காரணம், அது அச்சிட்ட பக்கத்தில் துளையாகத் தெரியாமையே.

குறுந்தொகையின் 187ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடிய ஐந்தடிப் பாட்டு அது. வரைவு நீட்டித்தவழித் தலைவியின் மெலிவு கண்டு தோழி கவல, அவட்குத் தலைவி கூறுவது. செந்நிறமான மலையைத் தங்குமிடமாகக் கொண்ட வருடையின் மறி, தாயின் மடியினின்று பொழியும் இனிய பாலை நிறைய உண்டு, பெரிய மலையின் நிழலில் துள்ளித் திரியும் நாட்டை உடையவன் தலைவன். அவன் கல்லைக் காட்டினும் வன்மையுடையவன். அவ்வன்மையை எண்ணாமல் என் நெஞ்சு அவன்பொருட்டு மெலிகின்றது என்கின்றாள் அவள்.

இங்கு வருடை என்பதற்கு ‘ஒருவகை ஆடு’ என்றோ ‘ஒருவகை மான்’ என்றோ குறிப்பெழுதினால் கிடைக்கும் பொருள் யாது? கன்றும் பாலுண்டு களிக்கும் வளமான நாட்டிற்குத் தலைவனாயிருந்தும் இவன் இரக்கமற்றவனாய் இருக்கின்றான் என்பது கிடைக்கும். அது பொருந்தாத பொருளன்று. ஆயின் அப்பொருளுக்கு வருடையே வேண்டுவதில்லை. ஆவும் கன்றும் போதும். மலையும் வெறும் பின்புலமாக நின்றுவிடுகின்றது. முன் அடிகளில் வரும் மலைக்கும், பின்னர்த் தலைவி வாயில் வரும் கல்லுக்கும் தொடர்பு ஏதும் தோன்றுவதில்லை.

வருடை என்பது இன்று நாம் வரையாடு என வழங்கும் விலங்கு. உலகில் மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியில் மட்டுமே, தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக வாழ்வது. உயர்ந்த மலைகளின் புல்வெளியில் மேயும். ஆனால் செங்குத்தான பாறைச் சரிவை விட்டு நெடுந்தொலைவு அகலாது. சிறுத்தையோ செந்நாயோ புலியோ வரக் கண்டால் அது காட்டிற்குள் ஓடி ஒளிவதில்லை, பாறைக்கே ஓடும். வேறு விலங்கு கால்வைக்க இயலாத பாறை விளிம்புகளில் அதன் குளம்பு பற்றி நிற்கும். மறி ஈன்ற தாய் அப்பாறைகளை அடுத்தே தங்கும். எனவே, பிறர்க்கு அச்சந்தரும் வன்பாறை வருடையின் குட்டிக்கு வீடும் அரணும் ஆகின்றது. மலையின் நிழலில் அச்சமின்றி அது துள்ளுவது பாலுண்ட களிப்பினால் மட்டுமன்று. கல் தன்னைக் காக்கும் என்பதனாலுமாம்.

இவ்வியல்பை அறிந்தபின் பாட்டைப் படிப்போமாயின், கல்லைக் காட்டினும் வன்மையுடையவன் என்னும் கூற்று வேறு ஆழம் பெறுகின்றது. அவன் நாட்டில் கல்லும் ஓர் இளவுயிரைக் காக்கின்றது. தன்னை அடைந்ததற்குக் கல்லே இரங்கும்போது, தன்னை அடைந்தாளுக்கு அவன் இரங்கவில்லை. ஆதலின் ‘கல்லினும்’ என்னும் சொல் உலகவழக்கில் வரும் தேய்ந்த உவமையன்று. முதல் மூன்றடியும் அச்சொல்லை நோக்கியே நடக்கின்றன. மலையைக் கூறப் புலவர் ‘சேக்கை’ என்னும் சொல்லைத் தேர்ந்தமையும் இங்கு நோக்கற்பாலது. துயிலும் இடத்தையும் விலங்கின் உறைவிடத்தையும் குறிக்கும் சொல் அது. பாறையைப் படுக்கையாகக் காண வருடையின் கண் வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் செய்ததாகக் கூறப்படும் உரை நமக்குக் கிடைத்திலது. வருடை இன்னும் கிடைக்கின்றது. ஆழியாற்றினின்று வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்திலும், மூணாற்றை அடுத்த இரவிகுளத்திலும் அதனை இன்றும் காணலாம். முதுகலை மாணவர்க்கு இப்பாட்டைக் கற்பிப்போர் ஒருமுறையேனும் அவர்களை அங்கு அழைத்துச் செல்லுதல் தகும். ஒன்று மட்டும் நினைவிற்கொள்க: மறி ஈனும் காலத்தில் இரவிகுளத்திற்குள் பார்வையாளரை விடுவதில்லை. கபிலர் காட்டும் காட்சியைக் குலையாமற் காக்க அஃது ஏற்ற ஒழுங்கே.

வருடையென்னும் சொல்லின் பிற்கால வரலாறும் இங்கு ஒருசிறிது கருதத்தக்கது. இப்பாட்டில் அது மான் என்னும் பொதுப்பெயரோடு சேர்ந்து வருகின்றது. குட்டிக்கு மறி என்னும் பெயர் தரப்படுகின்றது. மறி என்பதனை ஆட்டிற்கும் மானினத்துள் சிலவற்றிற்கும் உரிய இளமைப் பெயராக மரபியல் விதிக்கின்றது. ஆடோ மானோ என்று புலவர் வழக்காடவில்லை. மரபுப்பெயரே இரண்டற்கும் இடந்தந்து நின்றது. விலங்கியலாரும் இதன் குலத்தைத் துணிவதில் நெடுங்காலம் இடர்ப்பட்டனர் என்பதும், இமயத்து ஆட்டோடு ஒன்றாகவைத்து எண்ணப்பட்ட இது செம்மறியினத்திற்கே நெருங்கியதென மரபணு ஆய்வினால் 2005இல் தனிப்பேரினமாகப் பிரிக்கப்பட்டது என்பதும் சுவையான செய்திகள். இவற்றைக் கொண்டு கபிலர் மரபணு அறிந்தார் என்று யாரும் கட்டுரை எழுதாதிருப்பாராக.

பரிபாடலில் வருடை மேடவோரையின் பெயராயிற்று. அகராதிகளிலோ, மலையாடு என்னும் பொருளோடு எட்டுக்காலுடைய சரபம் என்னும் பொருளும் இச்சொல்லின்மேல் ஏறியுள்ளது. மலையிற் கண்டவர் வாயில் நான்கு காலோடு இருந்த விலங்கு, கேட்டவர் ஏட்டில் எட்டுக் கால் பெற்றது. உருவை இழந்த பெயர் இவ்வாறுதான் வேறு உரு தேடிக்கொள்ளும். மற்றொரு மயக்கமும் உண்டு. குறுந்தொகை 26ஆம் பாட்டில் வரையாடு என்னும் சொற்சேர்க்கை வருகின்றது. அங்கு அது மலையில் விளையாடுகின்ற குரங்குக் குட்டியைச் சிறப்பிக்கும் வினைத்தொகை, விலங்கின் பெயரன்று. சொல்லடைவை மட்டும் புரட்டி வரையாட்டிற்குச் சான்று தொகுப்போர் அதனையும் சேர்த்துவிடுதல் கூடும். காட்டை அறிதல் இலக்கணத்தை மறத்தற்கு வாயிலாகாது.

சங்க உயிரினங்களை இக்கால அறிவியலோடு பொருத்தி ஆராய்ந்தோருள் பி. எல். சாமி அவர்களின் உழைப்பு தலையாயது. விலங்கு, புள், செடிகொடி என மூன்று துறைக்கும் அவர் தனித்தனி நூல் செய்தார். அவர்தம் நோக்கம் பெரிதும் இனங்காணல். இன்ன பெயர் இன்ன உயிர் என்று துணிந்த அளவில் அவர் பணி நிறைவெய்துகின்றது. அத்துணிவினால் பாட்டின் பொருள் யாண்டு மாறுகின்றது என ஆராய்தல் பின்வந்தோர் கடன். அக்கடனை நாம் அவர் பட்டியலை எடுத்தெழுதியே கழித்துவருகின்றோம்.

சிறைக்குடி ஆந்தையாரின் குறுந்தொகைப் பாட்டிலும் (56) இதனைக் காணலாம். தலைவியை உடன்கொண்டு செல்ல மறுத்துத் தனியே சென்ற தலைவன், சுரத்தின் கொடுமையைக் கண்டு கூறுவது. வேட்டையாடிய செந்நாய் தோண்டி உண்டு எஞ்சிய, இலை அழுகிய சிறிதளவு நீரை எம்மோடு உண்ண அவளும் வருவாளாக. வந்தால் அவள் மிகவும் இரங்கத்தக்கவள் என்கின்றான். செந்நாயை ஓநாய் என்று கொள்வாரும், வெறுமனே காட்டுநாய் என்று விடுவாரும் உளர். செந்நாய் கூட்டமாக வாழ்ந்து கூட்டமாக வேட்டையாடுவது. இரையைக் குட்டிகளுக்கு முன்னர் விட்டுக்கொடுப்பது. குட்டிக்கும் காவலிருக்கும் தாய்க்கும் உண்டதை வயிற்றினின்று கக்கி ஊட்டுவது. ஆகவே அக்குழியில் எஞ்சிய நீர், குடும்பமாக வந்த உயிர்கள் பகிர்ந்துண்டதன் மிச்சில். துணையைப் பிரிந்து தனியே நிற்பவன் அதனைக் காண்கின்றான். அவளை நினைக்க அந்நீர் அவனுக்குப் போதுமானதாயிற்று. அழுகிய நீரின் கொடுமையை மட்டும் காண்போர்க்கு ‘எம்மோடு உண்ண’ என்னும் விருப்பம் திடீரெனத் தோன்றியதாகவே படும். வெள்ளையர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றார்க்குப் பரிசுப்பணம் கொடுக்கப்பட்டது. வேட்டைக்காரர் நூல்களில் அது கொடிய விலங்காகவே வரையப்பட்டது. நம் உரைகளிலும் அந்த வெறுப்பின் சாயல் படிந்துள்ளது என்று எண்ண இடமுண்டு. இன்று அது உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

சங்க காலத்தை விட்டு இறங்கி வந்தாலும் இவ்விடர் தீர்வதில்லை. மூதுரையில், காட்டுமயில் ஆடக்கண்ட வான்கோழி தானும் தன் அழகற்ற சிறகை விரித்து ஆடியதனைக் கல்லாதவன் கற்ற கவிக்கு உவமை கூறும் வெண்பாவைச் சிறுவரும் அறிவர். பாடநூற் படங்களில் அவ்வான்கோழி, இன்று பண்ணைகளில் வளர்க்கும் கோழியாகவே வரையப்படுகின்றது. அப்பறவை அமெரிக்க நிலத்திற்கு உரியது. கொலம்பசு அங்குச் சென்றபின்னரே பிற நாடுகளுக்குப் பரவியது. 1612இல் கோவாவினின்று கொணரப்பட்ட ஒன்றைக் கண்டு சகாங்கீர் வியந்து, அதனை ஓவியமாக வரையச் செய்தார் என்பது அவர்தம் நினைவுக் குறிப்பால் அறியப்படுவது. முகலாயப் பேரரசர்க்கே புதுமையாயிருந்த பறவையை, அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே தமிழ்நாட்டுச் சிறுவர்க்குப் பழகிய உவமையாக ஔவையார் எடுத்தாண்டார் என்றல் பொருந்தாது. நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், அதனை 16ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதெனக் கொள்வோர் அப்படத்தை ஏற்றல் இயலாது.

அவ்வாறாயின் வான்கோழி யாது? இன்று பறவைநூலார் கானமயில் என வழங்கும் பெரும்பறவையை இவ்விடத்திற்குக் கருதுவோர் உளர். அது மரமில்லாத பொட்டலிலும் புல்நிலத்திலும் நடந்து திரிவது. முன்னாளில் தமிழ்நாட்டுப் பொட்டல்களிலும் வாழ்ந்தது. சேவல், பெடையைக் கவரக் கழுத்துப் பையை ஊதித் தொங்கவிட்டு, வாலை முதுகின்மேல் நிமிர்த்தி, முழக்கமிட்டு நிற்கும். மயிலின் ஆட்டத்தைக் கண்ட கண்ணுக்கு அது நகைப்பையே தரும். இக்கருத்தே சரியாயின், வெண்பாவின் எள்ளல் நுட்பமானது. ஆடத்தெரியாத பறவை ஆடியதன்று அது. தனக்குரிய ஆட்டம் உடைய பறவையை மயிலின் அளவுகோலால் அளந்தது. கல்லாதான் கவிக்கு அவ்வுவமை முழுதும் பொருந்துமா என்பது வேறு வினா. பொருந்தாது என்றே எமக்குத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், இதனைத் தீர்க்கத் தமிழாசிரியன் அப்பறவையின் ஆட்டத்தை ஒருமுறை காணவேண்டும். இன்று இந்தியாவில் எஞ்சியுள்ள கானமயில்கள் ஒருநூற்றைம்பதுக்கும் குறைவு. பெரும்பாலானவை இராசத்தானத்துச் செயசால்மர் நிலத்தில் உள்ளன. நேர்முன்னே உள்ளதைத் தெளிவாகக் காணமாட்டாத அக்கனத்த பறவை மின்கம்பிகளில் மோதி மடிகின்றது. தமிழ்நாட்டுப் பொட்டலில் அது இல்லை. வெண்பாவின் வழக்கு சான்றின்றி முடிவுறும் நாள் தொலைவில் இல்லை.

சிவிங்கியின் கதை இதனினும் வியப்பானது. வேட்டைக்குப் பழக்கி மன்னர் வளர்த்த, மெலிந்த உடலும் விரைந்த ஓட்டமும் உடைய புள்ளி விலங்கின் பெயர் அது. ஒட்டகத்தின் கழுத்தும் சிவிங்கியின் புள்ளியும் உடையதென்று ஆப்பிரிக்க விலங்கொன்றிற்கு ஒட்டகச்சிவிங்கி எனப் பெயர் வந்தது. மேலைமொழிகளின் பழம்பெயரும் இவ்வாறே ஒட்டகத்தையும் புள்ளிவிலங்கையும் இணைத்தது. 1947இல் கொரியா நாட்டரசர் சுட்ட மூன்றே இந்திய நிலத்துக் கடைசிச் சிவிங்கிகள் என்பர். 1952இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போயிற்றென அறிவிக்கப்பட்டது. விலங்கு போனபின் பெயர், கழுத்து நீண்ட ஆப்பிரிக்க விலங்கின் வாலில் தொங்கிக்கொண்டு உயிர்வாழ்ந்தது. சிவிங்கி என்றாலே ஒட்டகச்சிவிங்கிதான் எனக் கருதும் மாணவர் பலரை யாம் கண்டிருக்கின்றோம். 2022 செப்டம்பரில் நமீபியாவினின்று எட்டுச் சிவிங்கிகள் மத்தியப்பிரதேசத்துக் குனோவிற்குக் கொணரப்பட்டபோது, நம் செய்தித்தாள்கள் சிறுத்தை என்றும் சீட்டா என்றும் சிவிங்கிப்புலி என்றும் பலவாறு எழுதித் தடுமாறின. எழுபதாண்டு இடைவெளியில் ஒரு மொழி தன் சொல்லை இழக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எல்லாப் பெயர்க்கும் உடல் தேடவேண்டும் என்பது எம் கருத்தன்று. யாழிசையில் மயங்கிப் பறையொலி கேட்டு உயிர்விடும் அசுணம் புலவர் வழக்கிலேயே வாழட்டும். குறிஞ்சிப்பாட்டில் இரவுவழியின் ஏதங்களாக முதலையோடு எண்ணப்படும் இடங்கரையும் கராத்தையும் இந்தியாவின் மூவகை முதலையினத்தோடு ஒன்றுக்கொன்றாகப் பொருத்துதலும் கூடாது. மூன்றனுள் நீள்மூக்கு முதலை வடநாட்டு ஆறுகளுக்கே உரியது. தென்னாட்டிற்கு உரியவை சதுப்புநில முதலையும் உவர்நீர் முதலையுமே. பின்னதும் தமிழகக் கரையினின்று மறைந்துவிட்டது. மூன்று பெயர்க்கு இரண்டு இனமே உண்டாதலின், ஒரு பெயர் பருவத்தையோ பாலையோ உருவின் பெருமையையோ குறித்ததாதல் வேண்டும். முதலையின் சாதி வேறுபாடு என்று பழைய உரை கூறியதற்குமேல் துணிவு காட்டாமை இங்கு முறை.

ஆதலின், இனிச் சங்கநூற் பதிப்புக்களில் விலங்கின் பெயருக்கு எழுதும் குறிப்பு, அதன் உரு, வாழிடம், பாட்டிற்கு வேண்டிய இயல்பு, இன்றைய நிலை என்பவற்றைத் தரவேண்டும். நான்கைந்து வரிக்குமேல் அதற்கு இடம் வேண்டுவதில்லை. குறுந்தொகை 187ஆம் பாட்டிற்கு யாம் எழுதிப்பார்த்த குறிப்பு வருமாறு:

வருடை — வரையாடு. மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியில், செங்குத்துப் பாறைகளை அடுத்த உயர்மலைப் புல்வெளிகளில் வாழ்வது. ஆண், பெண் இரண்டற்கும் பின்வளைந்த கொம்பு உண்டு. பகை கண்டவழிப் பாறையை அரணாகக் கொள்ளும். மறியோடு கூடிய தாய் பாறையை விட்டு அகலாது. மறி பெரும்பாலும் தையிலும் மாசியிலும் பிறக்கும். புல்வெளிகள் தேயிலைத் தோட்டமாகவும் சீகை, தைல மரக்காடுகளாகவும் மாறியமையாலும் வேட்டையாலும் அருகியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒருங்கு நடத்திய கணக்கெடுப்பில் 2,668 காணப்பட்டன; தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. எட்டுக் கால் உடையதென்பது பிற்கால வழக்கு.